மறுமொழி வரும் வழி: குமரிக் கடலும் செயற்கைக்கோள் தொடர்பு வலையமைப்புகளும்

செயற்கைக்கோள் தொடர்பு வலையமைப்புகளைப் பற்றிய இன்றைய பேச்சு பெரும்பாலும் நொடிக்கு எத்தனை மெகாபிட், வானில் எத்தனை ஆயிரம் செயற்கைக்கோள், தரையில் எத்தனை லட்சம் வாடிக்கையாளர் என்ற கணக்குகளைச் சுற்றியே நடைபெறுகிறது. நகரத்து மொட்டைமாடிக்கு அந்த அளவுகோல் பொருந்தலாம். ஆனால் தரைவழித் தொடர்பு எதுவும் எட்டாத இடங்களுக்காகவே இத்தொழில்நுட்பம் வளர்ந்தது என்பதைக் கருத்தில் கொண்டால், அதன் தரத்தைக் கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குக் கடற்கரையிலிருந்து அளந்து பார்ப்பதே முறையாகும். நீரோடி தொடங்கி இரயுமன்துறை வரை, தூத்தூரை நடுவாகக் கொண்டு அடுத்தடுத்து அமைந்துள்ள எட்டு மீனவ ஊர்களின் விசைப்படகுகள் சுறாவும் சூரையும் தேடி அரபிக்கடலில் பல நூறு கடல் மைல் சென்று, வாரக்கணக்கில் கடலிலேயே தங்கித் தொழில் செய்பவை. அப்படகுகளிலிருந்து ஒரு சிறு செய்தி கரைக்கு வந்து சேருகிறதா, கரையின் மறுமொழி படகுக்குத் திரும்பச் செல்கிறதா, அந்த மறுமொழிக்குக் கடமைப்பட்டவர் யார் என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை சொல்லாத எந்த வலையமைப்பும், அதன் வேகம் எவ்வளவாக இருந்தாலும், இக்கடலைப் பொறுத்தவரை முழுமை பெற்றதாகாது.

கரையிலுள்ள கைபேசிக் கோபுரத்தின் அலை கடலுக்குள் சில கிலோமீட்டர் தொலைவிலேயே மங்கிவிடுகிறது. மீனவர் ஒயர்லெஸ் செட் என்று சொல்லும் விஎச்எஃப் வானொலிக் கருவியின் அலை ஏறத்தாழ நேர்கோட்டில் செல்வதால், ஆன்டெனா எந்த உயரத்தில் நிற்கிறதோ அதற்கேற்பவே அதன் எல்லையும் அமைகிறது. தாழ்வான இரு படகுகளுக்கிடையே சில பத்து கிலோமீட்டருக்கு மேல் அது பேசாது. அதனால்தான் ஆழ்கடலில் ஒரு படகின் செய்தி அடுத்த படகு, அதற்கடுத்த படகு எனக் கைமாறிக் கரைக்கு வரும் வழக்கம் நெடுங்காலம் நிலவியது. செயற்கைக்கோள் இந்தத் தடையை உயரத்தால் வெல்கிறது. நிலநடுக்கோட்டுக்கு மேல் 35,786 கி.மீ. உயரத்தில் பூமியின் சுழற்சியோடு இணைந்து சுற்றுவதால் ஒரே இடத்தில் நிலைத்து நிற்பதுபோல் தோன்றும் புவிநிலைச் செயற்கைக்கோள் ஒன்றே இந்தியப் பெருங்கடலின் பெரும்பகுதியைப் பார்க்க வல்லது. ஆனால் அத்தொலைவைக் கடந்து வரும் அலை மிக மெலிந்துவிடுவதோடு, ஒரு சொல் மேலே போய்க் கீழே வரவே ஏறக்குறைய கால் நொடி ஆகிறது. இதற்கு மாற்றாக வந்த தாழ்நிலைச் செயற்கைக்கோள்கள், ஸ்டார்லிங்கில் சுமார் 550 கி.மீ., ஒன்வெப்பில் சுமார் 1,200 கி.மீ. உயரத்தில், வேகமாக நகர்ந்துகொண்டே இருப்பவை. ஒன்று அடிவானத்தில் மறையுமுன் அடுத்தது தொடர்பை ஏற்றுக்கொள்ள வேண்டியிருப்பதால், இவை நூற்றுக்கணக்கிலோ ஆயிரக்கணக்கிலோ இருந்தால்தான் சேவை நிலைபெறும். தொழில்நுட்பத்தின் இந்த வேறுபாடே, யாரால் இதில் முதலீடு செய்ய முடியும், யாரை வாடிக்கையாளராகக் கருத முடியும் என்ற வணிக வேறுபாட்டுக்கும் வேராகிறது.

குமரிக் கடலில் இக்கேள்விகள் கூர்மை பெற்றது ஒக்கிப் புயலின்போது. 2017 நவம்பர் 29 அன்று இலங்கையை ஒட்டிய கடலில் தாழ்வு மண்டலமாக இருந்தது, 30 ஆம் தேதி காலைக்குள் கன்னியாகுமரிக்குத் தெற்கே புயலாக வலுப்பெற்றுவிட்டது. புயல் என்ற பெயரோடு எச்சரிக்கை வெளியானதும் அன்றுதான். தமிழ்நாட்டிலும் கேரளத்திலுமாக இறந்தோரும் காணாமற்போனோரும் சேர்ந்து முந்நூறைத் தாண்டினர். உயிர் தப்பிய படகுகள் லட்சத்தீவிலும், மகாராஷ்டிரத்தின் தேவ்கட் துறைமுகத்திலும், குஜராத்திலும் ஒதுங்கின. எது எங்கே ஒதுங்கியது என்பது ஊரில் இருந்தவர்களுக்குப் பல நாள் தெரியவில்லை. தேடுதலைத் தீவிரப்படுத்தக் கோரி டிசம்பர் 7 ஆம் தேதி தூத்தூர்ப் பகுதி மக்கள் நடந்தே சென்று குழித்துறை ரயில் நிலையத்தை முற்றுகையிட்டதற்கு, உயிரிழப்பின் துயரம் எவ்வளவு காரணமோ, செய்தியின்மையின் கொடுமையும் அவ்வளவு காரணம்.

ஒக்கியைப் பற்றிப் பின்னர் எழுந்த விவாதம் பெரும்பாலும் 'எச்சரிக்கை போய்ச் சேரவில்லை' என்ற ஒற்றைக் குறையில் நின்றுவிட்டது. அது உண்மையின் ஒரு பாதி மட்டுமே. கரையிலிருந்து 300 கடல் மைல் தொலைவில் நிற்கும் படகு மணிக்கு 8 கடல் மைல் வேகத்தில் விரைந்தாலும் வீடு திரும்ப ஒன்றரை நாளுக்கு மேல் ஆகும். ஒரே நாளில் புயலாக மாறிய ஒரு காற்றின் முன் 'உடனே கரை திரும்புங்கள்' என்ற அறிவிப்பு, முழு வலிமையோடு எல்லாக் கருவிகளிலும் ஒலித்திருந்தாலும், அப்படகுக்குப் பயன்பட்டிருக்காது. சில வேளை புயலின் பாதையிலேயே அதைச் செலுத்தியும் இருக்கும். அப்படகுக்கு வேண்டியிருந்தது, புயல் எத்திசையில் நகர்கிறது, எந்தத் தீவின் மறைவில் ஒதுங்கலாம் என்ற தன் இடத்துக்கேற்ற அறிவுரை. மீட்புக்குச் சென்ற கடலோரக் காவல்படைக்கு வேண்டியிருந்தது, படகு கடைசியாக இருந்த இடம். இரண்டும் இருவழித் தொடர்பு இல்லாமல் கிடைக்கக்கூடியவை அல்ல. கரை பேசிப் படகு கேட்பது மட்டும் போதாது என்பதை ஒக்கி போதுமான அளவுக்குக் காட்டியிருந்தது.

ஆயினும் ஒக்கிக்குப் பின் முதலில் வந்தவை ஒருவழிக் கருவிகளே. இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனமான இஸ்ரோவின் நாவிக் என்னும் இடங்காட்டும் செயற்கைக்கோள் அமைப்பு, இடத்தைக் குறிக்கும் சமிக்ஞையோடு சிறு எழுத்துச் செய்திகளையும் ஏற்றி அனுப்ப வல்லது. இந்தியாவைச் சுற்றி 1,500 கி.மீ. வரை அதன் எல்லை விரிவதால், கரை எச்சரிக்கைகளை ஆழ்கடல் வரை கொண்டுசெல்ல அது பயன்படுத்தப்பட்டது. 2019 அக்டோபரில் அறிமுகமான ஜெமினி கருவி, விமானங்களின் வழிகாட்டலுக்காக இஸ்ரோவும் விமான நிலைய ஆணையமும் உருவாக்கிய ககன் அமைப்பைக் கடலுக்கும் திருப்பியது. செயற்கைக்கோளிலிருந்து செய்தியைப் பெறும் சிறு பெட்டி, புளூடூத் வழியே அதை மீனவரின் கைபேசிக்கு மாற்றித் தர, அலை உயரமும் புயல் எச்சரிக்கையும் மீன்வளம் மிகுந்த பகுதிகளும் அவர் மொழியிலேயே திரையில் தெரிந்தன. இம்முறையின் சிறப்புகள் குறைத்து மதிப்பிடத் தக்கவை அல்ல. கருவியின் விலை ஒன்பதாயிரம் ரூபாய் அளவில் இருந்தது. மாதக் கட்டணம் கிடையாது. ஒரு படகு கேட்டாலும் பத்தாயிரம் படகுகள் கேட்டாலும் வலையமைப்பின் சுமை கூடுவதில்லை. பேரிடர் நேரத்தில் எல்லோரும் ஒரே வேளையில் பேச முயன்று தொலைபேசி இணைப்புகள் திணறும்போதும் இத்தகைய பரப்பல் திணறாது. குறை அதன் அமைப்பிலேயே உள்ளது: எச்சரிக்கை படிக்கப்பட்டதா என்பது கரைக்குத் தெரியாது.

இதற்கு நேர் எதிரான குறை, 2010 முதல் பயன்பாட்டில் உள்ள டாட் எனப்படும் ஆபத்து அறிவிப்புக் கருவியில் இருந்தது. படகு மூழ்கும் நிலையில் பொத்தானை அழுத்தினால் இடமும் ஆபத்தின் வகையும் செயற்கைக்கோள் வழியே மீட்பு மையத்துக்குப் போகும். ஆனால் போய்ச் சேர்ந்ததா என்பது அழுத்தியவருக்குத் தெரியாது. தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கும் படகில் நிற்பவருக்கு, உதவி வருகிறது என்ற ஒரு வரியே படகைக் கைவிட்டுக் குதிப்பதா, இருந்து இறைப்பதா என்ற முடிவைத் தீர்மானிக்கும். ஆக, பல ஆண்டுகள் இந்திய மீன்பிடிப் படகுகளுக்குக் கிடைத்தவை, கேட்க மட்டும் தெரிந்த ஒரு பெட்டியும் கூவ மட்டும் தெரிந்த இன்னொரு பெட்டியுமே. 2024 தொடக்கத்தில் இஸ்ரோ அறிவித்த டாட் இரண்டாம் தலைமுறைக் கருவியில்தான், ஆபத்துச் செய்தி ஏற்கப்பட்டது என்ற ஒப்புதல் படகுக்குத் திரும்பி வருகிறது. சிறிய மாற்றமாகத் தோன்றும் இது, இத்துறையில் நிகழ்ந்த மிகத் தேவையான திருத்தங்களுள் ஒன்று.

குரல்வழித் தொடர்பின் கதை சட்டத்தோடு பிணைந்தது. 2008 மும்பைத் தாக்குதலில் ஈடுபட்டவர்கள் துராயா செயற்கைக்கோள் தொலைபேசியைப் பயன்படுத்தியதற்குப் பின், அனுமதியற்ற இத்தகைய தொலைபேசிகளின் மீதான கெடுபிடி இறுகியது. துராயாவும் இரிடியமும் இந்தியாவில் தடைசெய்யப்பட்டவை. உரிமத்தோடு கிடைப்பது பிஎஸ்என்எல் நிறுவனம் இன்மர்சாட் வழியே தரும் சேவை மட்டுமே. வளைகுடா நாடுகளின் மீன்பிடிப் படகுகளில் கூலிக்குச் செல்லும் குமரி மீனவர், அங்கே கடைச்சரக்காக விற்கப்படும் கருவி தம் சொந்தப் படகில் இருந்தால் குற்றமாகும் நிலையை எதிர்கொள்கிறார். ஒக்கிக்குப் பின் ஆழ்கடல் விசைப்படகுகளைக் குழுக்களாகப் பிரித்து, குழுவுக்கு என்ற முறையில் செயற்கைக்கோள் தொலைபேசிகள் அரசு மானியத்தோடு வழங்கப்பட்டன. குரலின் வலிமை தனியானது: படகை ஓட்டுபவர் காற்றின் போக்கைச் சொல்லிக் கரையிலிருப்பவரோடு கலந்து முடிவெடுக்க முடியும். ஆனால் நிமிடக் கட்டணமும் கருவியின் விலையும் அதைப் பொதுப் பயன்பாட்டுக்கு அப்பால் நிறுத்தின. குழுவில் தொலைபேசி வைத்திருக்கும் படகு மற்றவற்றின் ஒயர்லெஸ் எல்லைக்குள் இருந்தால்தான் ஏற்பாடு பயன்தரும் என்பதும், புயலில் முதலில் சிதறுவது அந்தக் குழுவே என்பதும் வெளிப்படை.

இப்பின்னணியில்தான் இப்போது நாடு முழுவதும் பொருத்தப்பட்டு வரும் டிரான்ஸ்பாண்டர் திட்டத்தை மதிப்பிட வேண்டும். பிரதமரின் மீன்வள மேம்பாட்டுத் திட்டமான மத்ஸ்ய சம்பதா யோஜனாவின் கீழ் 364 கோடி ரூபாய்ச் செலவில் 13 கடலோர மாநிலங்கள், ஒன்றியப் பகுதிகளின் ஒரு லட்சம் படகுகளுக்கு இக்கருவியை இலவசமாகப் பொருத்தும் திட்டம் 2024 ஆகஸ்ட் 30 அன்று மகாராஷ்டிரத்தின் பால்கரில் தொடங்கிவைக்கப்பட்டது. படகின் மேற்கூரையில் ஒரு சிறு பெட்டி நிற்கிறது. கீழே மீனவரின் கைபேசியில் நபமித்ரா என்ற செயலி உள்ளது. இரண்டையும் புளூடூத் இணைக்கிறது. பெட்டி குறிப்பிட்ட இடைவெளியில் படகின் இடத்தைச் செயற்கைக்கோளுக்கு அனுப்புகிறது. செயலியில் தட்டச்சு செய்த குறுஞ்செய்தி மேலே செல்கிறது. வானிலையும் கடல் எல்லை குறித்த எச்சரிக்கையும் கீழே வருகின்றன. ஆபத்துப் பொத்தானை அழுத்தினால் மீட்பு மையத்தில் மணி ஒலிக்கிறது. படமோ காணொளியோ இதில் போகாது. உயிர் காக்கும் செய்திக்கு வேகமான இணையம் வேண்டியதில்லை, நம்பகமான சில எழுத்துகள் போதும் என்ற தெளிவான பொறியியல் முடிவு இதன் அடித்தளம். சில வாட் மின்சாரத்தில் இயங்குவதால், எஞ்சின் நின்று பேட்டரி மட்டும் எஞ்சிய படகிலும் இது உயிரோடு இருக்கும். முன்சொன்ன மூன்று கேள்விகளுள் முதல் இரண்டுக்கும் ஏற்ற விடையை இந்தியாவில் முதன்முதலாகப் பெரும் எண்ணிக்கையில் தரும் முயற்சி இது. அந்த அளவில் இது பாராட்டுக்குரியது.

ஆனால் அது சாய்ந்து நிற்கும் தூண் கவலை தருகிறது. இச்சேவையின் அலைகள் எஸ் பேண்ட் எனப்படும், மழையிலும் அதிகம் தேயாத அலைவரிசையில் இயங்கும் ஜிசாட்-6 செயற்கைக்கோள் வழியே செல்கின்றன. வானில் குடைபோல் விரியும் 6 மீட்டர் விட்டமுள்ள ஆன்டெனா அதன் சிறப்பு. தரையில் கருவி சிறிதாக இருப்பதற்கு அந்தப் பெரிய ஆன்டெனாவே காரணம். 2015 ஆகஸ்ட் 27 அன்று ஏவப்பட்ட அதன் திட்டமிட்ட ஆயுள் 9 ஆண்டுகள். அதாவது, ஒரு லட்சம் படகுகளுக்கான திட்டம் பால்கரில் தொடங்கிய அதே வாரத்தில் அந்த ஆயுள் நிறைவடைந்தது. செயற்கைக்கோள்கள் திட்டமிட்ட ஆயுளைத் தாண்டி இயங்குவது வழக்கம்தான். ஆனால் அதற்குத் துணையாக 2018 மார்ச் 29 அன்று ஏவப்பட்ட ஜிசாட்-6ஏ சில நாட்களிலேயே தொடர்பிழந்துபோனது. உயிர்காப்பு வலையமைப்பு ஒன்றுக்கு மாற்று வழி இருந்தே ஆக வேண்டும் என்பது இத்துறையின் பாலபாடம். படகுக்குப் படகு கருவி பொருத்துவதில் காட்டிய வேகம், மேலே அடுத்த செயற்கைக்கோளை நிறுத்துவதில் காட்டப்படவில்லை. இக்குறையை மீனவர் எவராலும் கடலிலிருந்து பார்க்க முடியாது என்பதாலேயே அதைப் பற்றிக் கரையில் உரக்கப் பேச வேண்டியுள்ளது.

அடுத்த குறை நம்பிக்கை சார்ந்தது. குமரிக் கடற்புறத்தில் மீன்பிடி இடங்கள், குறிப்பாகக் கடலடிப் பாறைத் திட்டுகளான பார்கள், தலைமுறைகளின் தேட்டம். கரையிலுள்ள மலைமுகடும் தேவாலயக் கோபுரமும் ஒன்றோடொன்று பொருந்தும் கோடுகளைக் கொண்டு இடம் குறித்த கணிச்ச அறிவு பின்னர் ஜிபிஎஸ் எண்களாக மாறினாலும், அவ்வெண்கள் எளிதில் பிறரிடம் பகிரப்படுவதில்லை. ஒவ்வொரு நகர்வையும் பதியும் பெட்டி, அத்தேட்டத்தை ஓர் அரசு அலுவலகத்தின் திரையில் வைக்கிறது. அந்தப் பதிவு எத்தனை காலம் சேமிக்கப்படும், யார் பார்க்கலாம், மீட்பைத் தவிர வேறு எதற்குப் பயன்படும் என்ற தெளிவான உறுதிமொழி படகுக்காரருக்குத் தரப்பட வேண்டும். மேலும், 2025 நவம்பரில் வெளியான, கரையிலிருந்து 200 கடல் மைல் வரையிலான பொருளாதார மண்டலத்தில் மீன்பிடிப்பதை நெறிப்படுத்தும் விதிகள் விசைப்படகுகள் அங்கு தொழில் செய்ய அனுமதிச் சீட்டையும் டிரான்ஸ்பாண்டரையும் கட்டாயமாக்கியிருப்பதால், காப்பதற்கென வந்த கருவி கண்காணிப்பின் நிபந்தனையாகவும் ஆகிவிட்டது. இலங்கையின் அனுபவம் இங்கே படிக்கத் தக்கது. ஐரோப்பிய ஒன்றியம் 2015 இல் இலங்கை மீனுக்கு விதித்த தடையை 2016 இல் நீக்கச் செய்வதற்காகவே அந்நாடு தன் பலநாள் படகுகளில் கண்காணிப்புக் கருவிகளை விரைந்து பொருத்தியது. சந்தையின் கட்டாயத்தால் வந்த கருவியும் உயிரைக் காக்கக்கூடும். ஆனால் தம்மைப் பிடிக்கவே அது வந்தது என்று நம்பும் மீனவர் அதை அணைத்துவைக்கவும் கூடும், அணைத்த கருவி புயலில் பேசாது.

உலக வணிகத்தின் போக்கு இக்கேள்விகளை இன்னும் சிக்கலாக்குகிறது. கப்பல்களின் உயிர்ப்பாதுகாப்புக்கென்றே 1979 இல் நாடுகள் கூடி உருவாக்கிய பொது அமைப்பு இன்மர்சாட். 1999 இல் அது தனியார் நிறுவனமாக மாறி, 2023 இல் அமெரிக்காவின் வயாசாட்டுக்குக் கைமாறியது. இப்போதும் பெரிய கப்பல்களின் ஆபத்து அழைப்புகளைச் சுமக்கும் கடமை அதன்மீது சட்டப்படி தொடர்கிறது. ஆனால் அக்கடமையை வரையறுக்கும் கடல் உயிர்ப்பாதுகாப்பு உடன்படிக்கை மீன்பிடிக் கலங்களைப் பொதுவாகத் தன் எல்லைக்கு வெளியே நிறுத்தியுள்ளது. அவற்றுக்கென வந்த 2012 கேப்டவுன் உடன்பாடோ 24 மீட்டருக்குக் குறையாத கலங்களைப் பற்றியே பேசுகிறது. தூத்தூர்ப் படகுகளின் பெரும்பகுதி இந்த இரு வலைகளின் கண்களிலும் நழுவிவிடுகிறது. தனியார் முதலீட்டின் நிலையாமையும் மறக்கத் தக்கதல்ல: 66 செயற்கைக்கோள்களோடு 1998 நவம்பரில் சேவை தொடங்கிய இரிடியம் பத்து மாதங்களுக்குள் திவாலாகி, பல நூறு கோடி டாலர் செலவில் எழுந்த வலையமைப்பு சில கோடி டாலருக்குக் கைமாறியது, ஒன்வெப் 2020 மார்ச்சில் திவாலாகி, பார்தி குழுமமும் பிரிட்டன் அரசும் மீட்டெடுத்த பின்னரே எழுந்தது.

இந்தியாவில் 2023 ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டம் செயற்கைக்கோள் அலைக்கற்றையை ஏலமின்றி நிர்வாக முறையில் ஒதுக்க வழிசெய்தது. 2025 ஜூனில் ஸ்டார்லிங்க் உரிமம் பெற்றது. அலைக்கற்றைக் கட்டணத்தைப் பரிந்துரைத்த தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், நிறுவனங்களின் வருவாயில் 4 விழுக்காட்டோடு, நகர்ப்புற வாடிக்கையாளர் ஒருவருக்கு ஆண்டுக்கு 500 ரூபாய் கூடுதலாகக் கேட்டது. கிராமப்புறத்துக்கு விலக்கு அளித்த இந்த ஏற்பாடு நல்லெண்ணம் கொண்டதே. கடல் என்ற மூன்றாவது இடத்துக்கு அதில் தனிக்கருத்து இல்லை. தாழ்நிலை வலையமைப்புகள் ஆழ்கடலுக்கு வந்தால் விளையும் நன்மை பெரிது: காயம்பட்டவரை மருத்துவரிடம் காட்டலாம், தேங்காய்ப்பட்டணத்திலோ கொச்சியிலோ எங்கு இறக்கினால் நல்ல விலை என்று வரும் வழியிலேயே பேசி முடிவு செய்யலாம், வாரக்கணக்கில் பிரிந்திருப்பவர் பிள்ளைகளின் முகத்தைப் பார்க்கலாம். ஆனால் அதன் ஆன்டெனாத் தட்டு பல பத்து வாட் மின்சாரத்தைத் தொடர்ந்து உறிஞ்சுகிறது. எஞ்சின் நின்ற படகில் முதலில் அணைவதும் அதுவே. செயற்கைக்கோள்களுக்கிடையே நேரடி இணைப்பு இல்லாத ஒன்வெப்பின் முதல் தலைமுறைக்குத் தரைநிலையம் பார்வை எல்லைக்குள் இருக்க வேண்டும் என்பதால் நடுக்கடலில் அதன் எட்டல் சுருங்குகிறது. லேசர் இணைப்பு கொண்ட ஸ்டார்லிங்கும் 2025 ஜூலை 24 அன்று ஒரு மென்பொருள் பிழையால் உலகெங்கும் இரண்டரை மணி நேரம் நின்றது. அவ்வாண்டு மே மாதம் இந்திய அரசு வெளியிட்ட பாதுகாப்பு நிபந்தனைகள் பொருளாதார மண்டலத்தின் 200 கடல் மைலையும் சிறப்புக் கண்காணிப்புப் பகுதியாக்கியுள்ளன. ஆகவே இவை டிரான்ஸ்பாண்டரின் இடத்தைப் பிடிக்கத் தக்கவை அல்ல. அதன்மேல் சேர்க்கத் தக்கவை.

கன்னியாகுமரி மாவட்டத்துக்கும் விண்வெளித் துறைக்கும் உள்ள நெருக்கம், கடலில் எஞ்சும் இந்தத் தொடர்பு இடைவெளியை மேலும் வலிக்கச் செய்கிறது. நாஞ்சில் நாட்டு வயல்களின் வடகிழக்கே எழும் மகேந்திரகிரியில்தான் இஸ்ரோவின் திரவ, கிரையோஜெனிக் எஞ்சின்கள் எரித்துச் சோதிக்கப்படுகின்றன. சரக்கல்விளையில் பிறந்த கே. சிவன் 2018 இலும், மேலகாட்டுவிளையில் பிறந்த வி. நாராயணன் 2025 இலும் அந்நிறுவனத்தின் தலைமைப் பொறுப்பை ஏற்றனர். மகேந்திரகிரியில் சோதனை கண்ட சிஇ-20 எஞ்சினைக் கொண்ட எல்விஎம்-3 ராக்கெட், 2022 அக்டோபரிலும் 2023 மார்ச்சிலும் ஒன்வெப்பின் 72 செயற்கைக்கோள்களை வணிக அடிப்படையில் ஏற்றிச் சென்றது. 2025 டிசம்பர் 24 அன்று அதே ராக்கெட் அமெரிக்காவின் ஏஎஸ்டி நிறுவனத்தின் புளூபேர்ட் செயற்கைக்கோளை ஏற்றியது. தனிக் கருவி ஏதுமின்றிச் சாதாரணக் கைபேசியோடு நேரடியாகப் பேசுவதற்காகவே 223 சதுர மீட்டர் அளவுக்கு விரியும் ஆன்டெனாவைக் கொண்டது அது. பிறர் வலையமைப்பை வானில் ஏற்றி ஈட்டும் வருவாய் நாட்டுக்கு நல்லதே. அந்த வருவாயைத் தரும் திறமை, ஜிசாட்-6 க்கு ஒரு துணையை அனுப்புவதற்கும் போதுமானது.

கைபேசியோடு நேரடியாகப் பேசும் செயற்கைக்கோள் பரவலானால் அதிகம் பயன்பெறக்கூடியவை, இந்த விவாதங்களில் பெரும்பாலும் விடுபட்டுப்போகும் சிறு வள்ளங்களே. முட்டம், கடியபட்டணம், குளச்சல் கரைகளிலிருந்து மாலையில் சென்று காலையில் திரும்பும் வெளிப்பொருத்து மோட்டார் வள்ளங்களுக்குக் கூரையோ நிலையான பேட்டரியோ கிடையாது. கைபேசி அலை மங்கும் தொலைவுக்குச் சற்று அப்பால்தான் அவற்றின் தொழில். ஒக்கியின் இரவில் அவற்றில் இருந்தவர்களும் மாண்டனர். நாட்டின் விசைப்படகுகளையும் மோட்டார் வள்ளங்களையும் கூட்டினால் டிரான்ஸ்பாண்டர் திட்டத்தின் ஒரு லட்சத்தைத் தாண்டுகிறது என்பதால், கடைசி இடம் இவற்றுக்கே கிடைக்கும் வாய்ப்பு மிகுதி. இவ்வள்ளங்களுக்கு ஒப்புதல் திரும்பி வரும் இரண்டாம் தலைமுறை டாட் கருவியை, மிதவை அங்கியில் கட்டிக்கொள்ளும் அளவில், மாவட்ட மீன்வளத் துறை வழியாக முதலில் வழங்குவது பெரும் செலவில்லாமல் இப்போதே செய்யக்கூடியது. கைபேசிவழிச் சேவைக்கு உரிமம் வழங்கும்போது, கடலிலிருந்து வரும் ஆபத்துச் செய்தியைக் கட்டணமின்றி, சந்தாதாரரா என்று கேளாமல் ஏற்றுப் பதில் அனுப்ப வேண்டும் என்ற நிபந்தனையை உரிமத்திலேயே எழுதுவதும் அப்படிப்பட்டதே. பெரிய கப்பல்களுக்காக இன்மர்சாட்டின்மீது உலகம் ஏற்கெனவே சுமத்தியுள்ள கடமைதான் அது.